'டு த பிட்டர் எண்ட்': இதில் கசப்பு எங்கே இருக்கிறது?

நாஞ்சில் டீச்சர் | திங்கள், இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். கடற்கரையை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். இன்றைக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக நானே ஒரு சின்னப் பத்தி எழுதிக் கொடுத்தேன். ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது. ஊர்க்காரர்கள் ராத்திரி முழுக்க மணல் மூட்டை அடுக்குகிறார்கள். 'தே ஃபாட் த ஃப்ளட் டு த பிட்டர் எண்ட்' என்று ஒரு வரி. அடுத்த வரியில் விடிகிறது, தண்ணீர் வடிகிறது, ஊர் தப்பிக்கிறது.

முப்பத்தி நாலு நோட்டில் முப்பதுக்கு மேல் 'கசப்பான முடிவு வரை வெள்ளத்தோடு போராடினார்கள்' என்றே இருந்தது. நானும் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். அப்போது கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், எப்போதும் வாயே திறக்காதவன், எழுந்து கேட்டான்: "டீச்சர், முடிவு கசப்புன்னு எழுதிட்டோம். அடுத்த வரில ஊரு தப்பிச்சிட்டுன்னு வருதே. பெறவு அது எப்பிடி கசப்பாவும்?"

எனக்குப் பதில் வரவில்லை. பதினேழு வருஷமாக இந்தத் தொடரைச் சொல்லிக் கொடுக்கிறேன். 'கடைசி வரை, விடாமல்' என்று அர்த்தம் எழுதிப் போடுவேன், பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், அதோடு முடிந்துவிடும். அந்தப் 'பிட்டர்' அங்கே என்ன செய்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. நாளைக் கழித்து அந்த வகுப்பு மறுபடி வருகிறது. அவனுக்கு ஒழுங்கான பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். தெரிந்தவர்கள் உதவுங்கள்.


தக்கலை வாசகன் | திங்கள், இரவு 9.32

டீச்சர், மரபுத்தொடரைச் சொல் சொல்லாகப் பிரித்தால் இப்படித்தான் ஆகும். 'அவனுக்குக் காது குத்திட்டான்' என்று நாம் சொன்னால் வெள்ளைக்காரன் கம்மலைத் தேடுவான். 'இறுதிவரை போராடினார்கள்' என்று எழுதச் சொல்லுங்கள், போதும். 'பிட்டர்' அங்கே அழுத்தத்துக்காக வருகிறது. அதைத் தோண்டினால் பிள்ளைகள்தான் குழம்பும்.


நாஞ்சில் டீச்சர் | திங்கள், இரவு 9.41

சார், அவன் குழம்பவில்லை. முப்பது பேரும் நானும்தான் கவனிக்காமல் போனோம். முன்வரியும் பின்வரியும் ஒட்டவில்லை என்று கண்டுபிடித்தவன் அவன் ஒருத்தன்தான். அவனிடம் 'அதைத் தோண்டாதே' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.


பழைய போசன், குளச்சல் | செவ்வாய், அதிகாலை 5.20

டீச்சருக்கு வணக்கம். நான் முப்பத்தோரு வருஷம் சரக்குக் கப்பலில் ஓடினவன். கடைசிப் பதினாலு வருஷம் போசன். போசன் என்றால் மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி. நங்கூரம் போடுவதும் எடுப்பதும் எங்கள் கையில்தான். நீங்கள் கேட்டது எங்கள் பக்கத்துச் சொல் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய பாய்க்கப்பல்களில் முன்பக்கத் தளத்தில் இரண்டு தடிமரங்களை ஊன்றி, குறுக்கே ஒரு கட்டை போட்டிருப்பார்கள். அதற்குப் பெயர் 'பிட்'. ஆங்கிலத்தில் கடைசியில் இரண்டு 'டி' போட்டு எழுதுவார்கள். நங்கூரத்து வடத்தை அந்த மரத்தில் சுற்றித்தான் நிறுத்துவார்கள். ஆள் தொடை கனமுள்ள வடத்தை வெறுங்கையால் பிடித்து நிறுத்த முடியுமா? மரத்தில் ஒரு சுற்றுப் போட்டால் மரமே பிடித்துக்கொள்ளும். பிட்டில் விழுந்த சுற்றுக்குப் 'பிட்டர்' என்று பெயர். பிட்டுக்கு வெளியே போகிற வடம் கடலுக்குள் நங்கூரத்தோடு கிடக்கும். பிட்டுக்கு உள்ளே, கப்பலுக்குள்ளேயே மிஞ்சியிருக்கிற வடத்தின் கடைசி முனைதான் 'பிட்டர்ஸ் எண்ட்', 'பிட்டர் எண்ட்'. கேப்டன் ஜான் ஸ்மித் என்பவர் 1627-ல் கப்பல் சொற்களுக்காக அச்சிட்ட புத்தகத்திலேயே இது இருக்கிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா குடியேற்றத்தில் இருந்தாரே, அதே ஸ்மித். பிறகு 1867-ல் அட்மிரல் ஸ்மித் என்ற வேறொருவரின் கப்பல் அகராதி வந்தது. வடம் பிட்டர் எண்ட் வரை போய்விட்டால் அதற்கு மேல் விட ஒன்றும் மிச்சமில்லை என்று அதில் விளக்கம் உண்டு.

ஆக கடல்காரனுக்கு இது நாக்கில் படுகிற கசப்பே இல்லை, வடத்தின் ஒரு முனை. இப்போது வடம் போய்ச் சங்கிலி வந்துவிட்டது. பிட் மரமும் போய்விட்டது. பேர் மட்டும் போகவில்லை. சங்கிலி அறைக்குள் அந்தக் கடைசி முனையைக் கப்பல் உடம்போடு ஒரு முளையில் பூட்டி வைத்திருப்போம். இன்றும் அதற்குப் பேர் பிட்டர் எண்ட்தான். ஆபத்து நேரத்தில் அறைக்கு வெளியே நின்றபடியே அந்த முளையைத் தட்டிக் கழற்றிச் சங்கிலியைக் கடலில் விட்டுவிடலாம்.

அந்த முனையை நான் ஒரே ஒரு தடவை வெளியே பார்த்திருக்கிறேன். எந்தத் துறைமுகம், எந்தக் கப்பல் என்பது இங்கே வேண்டாம். நினைத்ததைவிட ஆழமான இடத்தில் நங்கூரத்தை விட்டுவிட்டோம். பிரேக் சக்கரம் என் கையில். பாரம் கூடக் கூடச் சங்கிலி வேகம் பிடித்தது. ஒரு கட்டத்துக்கு மேல் பிரேக் கேட்கவில்லை. பிரேக் பட்டை எரிந்து புகை வருகிறது. சங்கிலியில் ஒட்டியிருந்த காய்ந்த சேறும் துருவும் பறந்து எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. சங்கிலியை எண்ணுகிற கணக்கு 'ஷாக்கிள்', ஒரு ஷாக்கிள் 27.5 மீட்டர். ஒன்பது, பத்து என்று எண்ணிக்கொண்டிருந்த ஆபீசர் திடீரென்று எண்ணுவதை நிறுத்தினார். எங்கள் கப்பலில் கடைசிப் பகுதிக் கண்ணிகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தோம், அடித்தவனே நான்தான். அந்தச் சிவப்பு வெளியே வந்ததும் "ஓடுங்கலே" என்று கத்திக்கொண்டு எல்லாரும் பின்னால் ஓடினோம். ஒரு அடி விழுந்தது. கப்பலே குலுங்கியது. முளை பிய்ந்து, முனை துவாரத்துக்குள் பாய்ந்து போயே போய்விட்டது. அதற்கப்புறம் இருந்த அமைதியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆளுக்கு ஒரு காயம்கூட இல்லை. மறு நங்கூரத்தைப் போட்டு நின்றோம். அதனால் பையனிடம் சொல்லுங்கள்: பிட்டர் எண்ட் வந்தால் தோற்றுப்போனோம் என்று அர்த்தம் இல்லை. கையில் இருந்ததை முழுசும் விட்டாகிவிட்டது, இனி விட ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.


நாஞ்சில் டீச்சர் | செவ்வாய், காலை 7.05

ஐயா, இதை இரண்டு தடவை வாசித்தேன். பள்ளிக்குக் கிளம்புகிற நேரம், ராத்திரி வந்து எழுதுகிறேன். ரொம்ப நன்றி.


மார்த்தாண்டத்தார் | செவ்வாய், மதியம் 1.15

போசன் ஐயா சொன்னது பெரிய விஷயம். ஆனால் கசப்பை முழுசாக ஒதுக்கிவிட முடியுமா என்று எனக்குச் சந்தேகம்.

நீதிமொழிகள் 5-ம் அதிகாரம் 4-ம் வசனத்தைப் பாருங்கள். நம் பழைய தமிழ் பைபிள் திருப்புதலில் 'முடிவோ எட்டியைப்போலக் கசப்பும்' என்று வருகிறது. 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில் இதே இடத்தில் 'எண்ட்', 'பிட்டர்' இரண்டு சொல்லும் ஒரே வரியில் இருக்கின்றன. ஸ்மித் புத்தகத்துக்குப் பதினாறு வருஷம் முந்தியது. ஞாயிறுதோறும் இந்த வசனங்களைக் கேட்டு வளர்ந்த ஜனங்கள் 'பிட்டர் எண்ட்' என்று காதில் விழுந்தால் வடத்தையா நினைப்பார்கள்? மாலுமி சொன்னபோது வடமாக இருந்திருக்கும். கரையில் இருந்தவன் அதைக் கேட்டபோது கசப்பாக மாறியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. ஆங்கிலத்தில் அந்த வசனத்தில் வருவது 'வர்ம்வுட்' என்ற செடி, நம்மூர் மாசிபத்திரியின் இனம். தமிழில் பெயர்த்தவர்கள் அந்தச் செடியைத் தேடி அலையவில்லை. நம் சனத்துக்குக் கசப்பு என்றால் எது நினைவுக்கு வரும்? எட்டி. 'எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன' என்று பழமொழியே இருக்கிறது. பேச்சிப்பாறைப் பக்கம் எட்டிமரம் பார்த்திருக்கிறேன். ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாக, பார்க்க அழகான பழம். கொட்டையில் இருப்பது ஸ்ட்ரிக்னின் விஷம். என் பாட்டி அந்த மரத்தடியில் எங்களை விளையாடவே விடமாட்டாள். கேட்பவனுக்கு நாக்கில் கசக்க வேண்டும் என்று நினைத்துச் சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு என்றால் அப்படி இருக்க வேண்டும்.


தக்கலை வாசகன் | செவ்வாய், மாலை 4.48

சரி, அப்படியானால் வடமா, வசனமா? இரண்டில் எது உண்மை?


சொல்தேடி, நாகர்கோவில் | செவ்வாய், மாலை 6.30

இரண்டு கட்சியும் அகராதிக்காரர்களிடையே இருக்கிறது. கப்பல் சொல் அச்சில் 17-ம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. 'எது வந்தாலும் கடைசிவரை' என்ற இன்றைய பொருள் பரவலாகப் புழங்குவது 19-ம் நூற்றாண்டில். நடுவில் இருநூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளியில் வடத்து முனையும் நாக்குக் கசப்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்று எடுத்துக்கொள்வதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. மார்த்தாண்டத்து அண்ணன் சொன்னதுபோல, சொன்னவன் ஒன்றை நினைத்தான், கேட்டவன் வேறொன்றை நினைத்தான்.

ஆனால் டீச்சரின் பையன் கேட்டது பிறப்பைப் பற்றி அல்ல. முடிவு கசப்பா இல்லையா என்பதுதான் அவன் கேள்வி. அதற்கு இன்றைய ஆங்கிலத்தைப் பார்க்க வேண்டும். சகிக்க முடியாத ஒரு கூட்டத்தில் நடுவில் எழுந்து போகாமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன் என்பதற்கும் இதே தொடரைச் சொல்வார்கள். அங்கே தோல்வி எங்கே வந்தது? வழி கசப்பு, அவ்வளவுதான். போய்ச் சேர்ந்த இடம் எப்படி என்று அந்தத் தொடர் வாயைத் திறப்பதில்லை.

தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் 1899 முதல் 1902 வரை நடந்தது. பெரிய நகரங்கள் எல்லாம் பிரிட்டிஷார் கைக்குப் போன பிறகும் ஒரு கூட்டம் குதிரையேறிக் காட்டிலும் மேட்டிலும் மறைந்திருந்து 1902 மே 31-ல் உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை சண்டையை விடவில்லை. அவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே 'பிட்டர்எய்ண்டர்' என்று பெயர். முன்னாலேயே சரணடைந்தவர்களை 'கையைத் தூக்கினவர்கள்' என்ற பொருளில் 'ஹேன்ட்ஸாப்பர்' என்றார்கள். கடைசியில் யுத்தத்தில் தோற்றது இவர்கள்தான். இருந்தும் 'பிட்டர்எய்ண்டர்' என்பது அங்கே பெருமைப் பெயர், மற்றதுதான் ஏச்சு. தோற்ற கதையிலும் அந்தச் சொல் தோல்வியைக் குறிக்கவில்லை, விடாமல் நின்றதைத்தான் குறித்தது.

தமிழில் 'கசப்பான முடிவு வரை' என்று எழுதியதும் இது தலைகீழாகிவிடுகிறது. தமிழில் 'கசப்பான' என்ற அடை 'முடிவு' என்பதோடு ஒட்டி, முடிவு கெட்டது என்று அறிவித்துவிடுகிறது. ஆங்கிலம் சொல்லாத ஒரு சேதியைத் தமிழ் சொல்லிவிடுகிறது. உங்கள் மாணவன் பிடித்தது சரியாக அந்த இடத்தைத்தான். அவனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.


முட்டம் வள்ளக்காரன் | செவ்வாய், இரவு 8.55

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. எம் மவ இதைக் காட்டி வாசிச்சுச் சொன்னா. போசன் அண்ணன் சொன்னது பெரிய கப்பல் கதை. எங்க வள்ளத்துலயும் இதே கதைதான் டீச்சர். நான் சொல்லச் சொல்ல மவ டைப் பண்ணுதா.

நங்கூரம் போடும்போது ஆழம் எவ்வளவோ அவ்வளவு கயிறு விட்டாப் போதும்னு கரையில உள்ளவங்க நெனைப்பாங்க. அப்பிடி விட்டா நங்கூரம் நிக்காது. கயிறு நெட்டுக்குத்தா நின்னா ஒவ்வொரு அலைக்கும் நங்கூரத்தப் பிடுங்கும். கயிறு சரிஞ்சு கெடக்கணும், அப்பந்தான் நங்கூரம் படுத்துத் தரையில கொளுவும். இருவது பாகம் ஆழம்னா எழுவது எம்பது பாகமாவது விடணும், காத்து கூடுனா நூறுக்கு மேல போவும். ஒரு பாகம்னா ரெண்டு கையையும் விரிச்சா வாற நீளம், ஆறடி. கயிறக் கையில அளந்து அளந்துதான் விடுவோம்.

அந்தக் கயித்தோட மறு முனைய அணியத்துல, அதான் வள்ளத்தோட முன்பக்கத்துல, கெட்டியிருப்போம். வள்ளம் எறக்குததுக்கு முன்னால அந்தக் கெட்டு இருக்கான்னு பாக்காம எங்கப்பா கடல்ல கால் வைக்க மாட்டாரு. எங்கிட்டயும் தம்பிகிட்டயும் அவரு சொன்ன மொதப் பாடமே அதுதான். நங்கூரத்தக் கெட்டுத முனைய எவனும் மறக்க மாட்டான், அது கண்ணு முன்னால கெடக்கு. வள்ளத்தக் கெட்டுத முனையத்தான் மறப்பான்.

எனக்கு இருவத்தி மூணு வயசு இருக்கும்போது தம்பி அத மறந்துட்டான். முந்துன நாள் கயிறு மாத்துனோம். புதுக் கயிறு, அவசரம், நான் இஞ்சின்ல நிக்கேன், அவன் கயிறு விடுதான். நல்ல காத்து. "விடு, இன்னும் விடு" ன்னு நான் சத்தம் போடுதேன். அவன் கையில இருந்து கயிறு வழுக்கி ஓடுது. திடீர்னு அவன் கை சும்மா நிக்கு. வெள்ளை முனை ஒண்ணு, தீயில உருக்கி அடச்ச முனை, ஓரத்துல ஒரு தடவ சுண்டிட்டுத் தண்ணிக்குள்ள போச்சு. ரெண்டு பேரும் பாத்துட்டே நிக்கோம். கை நீட்டினா எட்டுத தூரந்தான், ஆனா நீட்டத் தோணல்ல.

முட்டம் கரை பாறைன்னு உங்களுக்குத் தெரியும். காத்து வள்ளத்தக் கரைப்பக்கமா தள்ளுது. இஞ்சின் ரெண்டு இழுப்புல பிடிச்சிட்டு, அதுதான் எங்க ஆயுசு. நங்கூரமும் கயிறும் போச்சு, நாங்க வீடு வந்தோம். எங்கப்பா தம்பிய ஒரு வார்த்தை ஏசல்ல. மறுநாள் விடியதுக்கு முன்னால அவனக் கூட்டிட்டுப் போயி, கையில முனையக் குடுத்து, பத்துத் தடவ கெட்டி அவுத்துக் கெட்ட வச்சாரு.

பையன் கேட்டதுக்கு நான் சொல்லுதது இதுதான். கெட்டு முனை மட்டும் கயிறு போறது கெட்ட காரியம் இல்ல. கெட்டு இருந்தா அந்த முனைதான் வள்ளத்தப் பிடிச்சு நிறுத்தும். பார்ல, அதான் கடலுக்கடியில உள்ள பாறையில, நங்கூரம் மாட்டிக்கிட்டா சில நேரம் நாங்களே முனைக்கிட்ட கயிற வெட்டி விட்டுட்டு வருவோம். அதுவும் தோல்வி இல்ல, உசுரோட வாறதுக்கு வழி.


நாஞ்சில் டீச்சர் | செவ்வாய், இரவு 9.30

அண்ணன், 'முனை மட்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'மட்டும்' என்ற சொல்லை 'வரை' என்ற அர்த்தத்தில் நம் பக்கம் இன்னும் பேசுகிறோம். பிள்ளைகள் அப்படி எழுதினால் நானே சிவப்பு மையால் அடித்து 'வரை' என்று திருத்தியிருக்கிறேன். இனிமேல் அப்படி அடிக்க மாட்டேன்.


மணக்குடிப் பேத்தி | செவ்வாய், இரவு 10.12

கயிறு பற்றிப் பேச்சு வந்ததால் நானும் எழுதுகிறேன். என் ஆச்சி மணக்குடிக் காயல் கரையில் கயிறு திரித்தவர். கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, காயல் சேற்றில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, எடுத்து, கட்டையால் அடித்து நார் பிரிப்பார்கள். ஊறின கதம்பலின் நாற்றம் துணியை விட்டுப் போகாது. ஆச்சியின் உள்ளங்கை தடவினால் மரப்பட்டை மாதிரி இருக்கும். ராட்டு சுற்றச் சுற்ற, நாரைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடப்பார். நடக்க நடக்கக் கயிறு நீளும். ஒரு நாளில் எத்தனை மைல் பின்னால் நடந்திருப்பார் என்று இப்போது யோசிக்கிறேன்.

'அவன் கயிறு திரிக்கிறான்' என்றால் ஊரில் எல்லாரும் பொய் சொல்கிறான் என்றுதான் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் பேசமாட்டோம். ஆச்சி முன்னால் ஒருமுறை நான் சொல்லிவிட்டேன். "நான் திரிச்ச கயித்துலதான் உங்கம்மைய வளத்தேன், அதுல பொய் எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார். அதற்கப்புறம் என் வாயில் அது வந்ததில்லை. ஆங்கிலத்திலும் கட்டுக்கதை சொல்வதை 'ஸ்பின் எ யான்' என்பார்கள், நூல் திரிப்பது. கப்பலில் மாலுமிகள் உட்கார்ந்து நார் திரிக்கும்போது கதை பேசியதால் வந்தது என்று சொல்வார்கள். அங்கேயும் இங்கேயும் கயிற்றுக்கு இந்தப் பழி எப்படி விழுந்ததோ.

ஆங்கிலத்தில் தென்னை நாருக்கு 'காயர்' என்று சொல்கிறார்களே, அது நம் கயிறுதான். மலையாளத்துக் 'கயர்' வழியாகப் போனது. 'கட்டமரான்' நம் கட்டுமரம். ஆனால் அங்கே போனதும் இரண்டு உடம்பு உள்ள படகு என்று பொருள் மாறிவிட்டது. சொல் கடல் தாண்டினால் அதன் பொருளும் மாறிவிடும்போல. அவர்களுடைய பிட்டர் நம்மிடம் வந்து கசப்பானதும் அப்படித்தான்.


மார்த்தாண்டத்தார் | செவ்வாய், இரவு 10.40

பேத்தி சொன்னதை வாசித்ததும் மனசு கனத்தது. வள்ளக்கார அண்ணன் சொன்ன கெட்டு முனையைக் கேட்ட பிறகு என் கட்சியை நான் கொஞ்சம் தளர்த்துகிறேன். வசனம் கசப்பைக் கொடுத்திருக்கலாம், ஆனால் 'விடாமல்' என்ற உறுதியை வடம்தான் கொடுத்திருக்கும்.


வள்ளவிளை | செவ்வாய், இரவு 11.25

நான் அதிகம் எழுதுகிற ஆள் இல்லை. சொல்தேடி சொன்ன ஒன்றுக்காக எழுதுகிறேன். ஆங்கிலம் சொல்லாததைத் தமிழ் சொல்லிவிடுகிறது என்றாரே.

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். நீரோடி முதல் இரையுமன்துறை வரை எங்கள் எட்டு ஊரிலும் ஆழ்கடலுக்குப் போன ஆட்கள் அன்றைக்குக் கடலில். எங்கள் ஆட்கள் தொழில் செய்யும் இடத்தில் நங்கூரம் தரை தொடாது, அவ்வளவு ஆழம். எத்தனை பாகம் கயிறு இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. கரையில் நாங்கள் நாள் கணக்காக நின்றோம்.

கொஞ்ச காலம் கழித்து, எங்கள் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த ஒரு கட்டுரையைத் தமிழில் போட்டிருந்தார்கள். எங்கே என்று சொல்லவில்லை. 'குடும்பங்கள் கசப்பான முடிவு வரை காத்திருந்தன' என்று அதில் ஒரு வரி. என் அத்தை அதை வாசித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தார். மாமா அன்றைக்குப் போனவர், வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. "எனக்கு எந்த முடிவு வந்துச்சு? எவன் சொன்னான் முடிஞ்சுதுன்னு?" என்று கேட்டார். அத்தை இன்றும் வாசல் விளக்கை அணைப்பதில்லை.

அந்தத் தப்பு எங்கே நடந்தது என்று இன்றைக்குத்தான் புரிகிறது. 'கடைசிவரை காத்திருந்தார்கள்' என்று எழுதியிருந்தால் அத்தை ஒத்துக்கொண்டிருப்பார். டீச்சர், அந்தப் பையனிடம் அவன் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை என்று சொல்லுங்கள்.


தக்கலை வாசகன் | புதன், காலை 6.10

தோண்ட வேண்டாம் என்று முதலில் எழுதியவன் நான். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வள்ளவிளைத் தம்பி, அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.


பழைய போசன், குளச்சல் | புதன், காலை 6.45

தம்பி, நேற்று ராத்திரியே வாசித்தேன். உடனே எழுத முடியவில்லை. கப்பலில் முப்பத்தோரு வருஷம் ஓடியும் 'பிட்டர் எண்ட்' என்றால் எனக்கு இரும்பு முளைதான். உங்கள் அத்தை கேட்ட கேள்வியை நான் இதுவரை கேட்டதில்லை.


மார்த்தாண்டத்தார் | புதன், காலை 8.20

ராத்திரி முழுக்க ஒரு சொல் மனதில் சுற்றிக்கொண்டிருந்தது. மத்தேயு 24:13: 'முடிவுபரியந்தம் நிலைநிற்பவனே இரட்சிக்கப்படுவான்.' நாம் தேடிக்கொண்டிருந்த தமிழ் இதுதானே? 'முடிவுபரியந்தம்' என்பதில் கசப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. பக்கத்திலேயே 'நிலைநிற்றல்' இருக்கிறது. வழியில் பட்ட பாடு முழுவதும் அந்த நிலைநிற்றலில் அடங்கிவிடுகிறது. எங்கள் சபைப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே மனப்பாடமாகச் சொல்கிற வசனம். கையில் வைத்துக்கொண்டே தேடியிருக்கிறோம்.


சொல்தேடி, நாகர்கோவில் | புதன், காலை 9.02

அண்ணன், அருமை. கடற்கரையில் கத்தோலிக்கர்கள் வாசிக்கிற பொது மொழிபெயர்ப்பில் அதே வசனத்தில் 'இறுதிவரை' என்று வரும், கூடவே மனவுறுதி என்ற சொல்லும் வரும். இரண்டு மொழிபெயர்ப்பும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன: பாரத்தை முடிவின் மேல் வைக்காமல் நிற்கிற ஆளின் மேல் வைத்திருக்கின்றன. டீச்சருக்கு ஒரு வழி சொல்கிறேன். 'பிட்டர்' என்ற சொல்லுக்கு நேராகத் தமிழில் பெயரடை தேடாமல், அதன் கனத்தை வினையில் ஏற்றுங்கள். 'கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் போராடினார்கள்', 'என்ன வந்தாலும் சரி என்று கடைசிமட்டும் நின்றார்கள்'. பேச்சில் 'ஒரு கை பார்த்துவிட்டார்கள்' என்றும் சொல்லலாம், ஆனால் அதில் ஜெயித்த வாசனை கொஞ்சம் அடிக்கிறது. இந்த இடத்துக்கு ஒத்துவராது.


நாஞ்சில் டீச்சர் | புதன், இரவு 8.15

இன்று வகுப்பு முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

உங்கள் கதைகளை, வள்ளவிளைத் தம்பி எழுதியதைத் தவிர, பிள்ளைகளிடம் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. அந்த வகுப்பில் ஒக்கியில் ஆளை இழந்த வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. கரும்பலகையில் ஒரு படகு வரைந்து, கயிறு வரைந்து, எது பிட்டர் எண்ட் என்று கேட்டேன். பாதிப் பேர் நங்கூரத்து முனையைக் காட்டினார்கள். கடைசி பெஞ்சுக்காரன் வந்து என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, படகுக்குள் இருக்கிற முனையில் ஒரு முடிச்சு வரைந்தான். நான் வரையாமல் விட்டிருந்த முடிச்சு. "இது இல்லேன்னா கயிறு போயிரும் டீச்சர்" என்றான். அவன் அப்பாவும் கடலுக்குப் போகிறவர் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். ஒரு வருஷமாக என் வகுப்பில் இருக்கிற பிள்ளை.

பிறகு அந்த வரியை மறுபடி எழுதச் சொன்னேன். 'முடிவுபரியந்தம் நிலைநின்றார்கள்' என்று இரண்டு பேர். 'விட்டுக்கொடுக்காமல் கடைசிவரை' என்று நிறையப் பேர். அவன் எழுதியது: 'கடைசி மட்டும் வெள்ளத்தை விடாமல் எதிர்த்து நின்றார்கள்.' முழு மதிப்பெண் போட்டேன். பழைய முப்பது டிக்கையும் அடித்துவிட்டு, தப்பு என்னுடையது என்று பிள்ளைகளிடமே சொன்னேன்.

முட்டத்து அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் அந்தக் கெட்டு முனையை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார்கள். இங்கிலீஷ் வகுப்புக்குக் கடற்கரை எதற்கு என்று தலைமையாசிரியர் கேட்டார். விளக்கினேன், சம்மதித்துவிட்டார்.


முட்டம் வள்ளக்காரன் | புதன், இரவு 9.05

தாராளமா கூட்டிட்டு வாங்க டீச்சர். சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு மேல வாங்க, அப்பந்தான் வலையெல்லாம் எறக்கி ஓஞ்சிருப்போம். தம்பியும் நிப்பான். முடிச்சுப் போடச் சொல்லிக் குடுக்கது அவன்தான், எங்களுக்குள்ள இப்பம் அவனவிட நல்லா கெட்டுதவன் கெடையாது. எத்தன பேருன்னு மட்டும் மவகிட்ட சொல்லிருங்க, சாயா போடணும்.